மணல் தென்னைக்கு நுண்ணுயிர்ப் பசளை: போத்தல் வாங்கமுன் செய்யவேண்டியது

கேள்வி: மட்டக்களப்பில், களுதாவளைப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தென்னந்தோட்டம். வெறும் கடற்கரை மணல். காய் சிறுத்துவிட்டது, குரும்பையும் கொட்டுகிறது. இப்போதைய விலைக்கு ஒழுங்காகப் பசளை போடவும் முடியவில்லை. நுண்ணுயிர்த் திரவம் ஊற்றினால் வேறு பசளையே வேண்டாம், மூன்று மாதத்தில் காய் இரண்டு மடங்காகும் என்று ஒருவர் போத்தலோடு வருகிறார். வாங்கலாமா? யூரியாவோடு கலந்து ஊற்றலாமா? எந்த மாதத்தில் செய்வது நல்லது?

பதில்: மூன்று மாதக் கதையை முதலில் முடித்துவிடுவோம். பாளைக்கான அரும்பு குருத்துக்குள் உருவாகி, வளர்ந்து, வெடித்து வெளியே வர இரண்டரை வருடத்துக்கு மேல் பிடிக்கும். வெடித்த பாளையில் காய் முற்ற இன்னும் 11, 12 மாதம். ஆகவே இன்று வேருக்குக் கொடுப்பதன் முழுப்பலன் மூன்று வருடம் கழிந்துதான் குலையில் தெரியும். குரும்பை கொட்டுவது குறைவதையும் காய் கொஞ்சம் பருப்பதையும் வேண்டுமானால் ஒரு வருடத்துக்குள் காணலாம். மூன்று மாதத்தில் இரட்டிப்பு என்பவர் கத்தரிக்குச் சொல்லவேண்டியதைத் தென்னைக்குச் சொல்கிறார்.

அதற்காக நுண்ணுயிர் வீண் என்று நினைக்கவேண்டாம். தென்னைக்கு ஆணிவேர் இல்லை. மற்றப் பயிர்களுக்கு இருப்பதுபோல நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்மயிர்களும் இல்லை. அந்தக் குறையை ஈடுசெய்வது மைக்கோரைசா என்ற பூஞ்சணம். அது வேருக்குள் குடியேறி, தன் நூலிழைகளை மண்ணுக்குள் நீட்டி, வேர் எட்டாத இடத்துப் பொசுபரசையும் ஈரத்தையும் இழுத்துக் கொடுக்கும். பதிலுக்கு மரத்திடம் மாச்சத்தை வாங்கிக்கொள்ளும். அசோஸ்பிரில்லம் என்ற பக்டீரியா காற்றிலுள்ள நைதரசனைக் கொஞ்சம் பிடித்துத் தரும், வேர் கிளைக்கவும் உதவும். பொசுபோபக்டீரியா மண்ணில் கரையாமல் கிடக்கும் பொசுபரசை அமிலம் சுரந்து கரைக்கும்.

பிரச்சினை உங்கள் மணலில். அங்கே நுண்ணுயிர் இல்லை என்பதைவிட, இருக்கிற நுண்ணுயிருக்குச் சாப்பாடும் நிழலும் ஈரமும் இல்லை என்பதே சரி. மேற்கிலிருந்து சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெறும் மணலின் மேல்படையில் கால் வைக்க முடியாது. அந்தச் சூட்டில் எந்தப் போத்தலை ஊற்றினாலும் ஒரு கிழமை தாங்காது. ஆகவே முதல் காசைப் போத்தலுக்குச் செலவழிக்காமல் பாத்திக்குச் செலவழியுங்கள்.

மரத்திலிருந்து ஆறடி தூரம்வரை வட்டப் பாத்தி எடுங்கள். சத்து எடுக்கும் வேர்களில் பெரும்பகுதி அந்த வட்டத்துக்குள்தான் இருக்கும். வேரை வெட்டிவிடாதபடி மேலாகக் கொத்தினால் போதும். எருவுக்கு நமது மாவட்டத்தில் பஞ்சமில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மாட்டுப்பட்டி வைத்திருப்பவர்களிடம் பேசினால் ஒரு லோட் மக்கிய எரு எடுக்கலாம். மரத்துக்கு 30 முதல் 50 கிலோ இடுங்கள். தெரிந்தவர்களின் மாடுகளை இரவில் தென்னையடியில் மாறி மாறிக் கட்டச் சொல்வது அதைவிட மலிவு. அந்தப் பழக்கத்தை நாம் கைவிட்டிருக்கவே கூடாது.

வேலியோரம் முழுவதும் கிளிசரியா என்ற தழைப்பசளை மரத்தை நடுங்கள். தென்னை ஒன்றுக்கு வருடம் 30 கிலோ பச்சை இலை வெட்டிப் பாத்தியில் இட்டால், தென்னைக்கு வேண்டிய நைதரசனில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும். நுண்ணுயிருக்கும் அது நல்ல சாப்பாடு, சீக்கிரம் மக்கும். மேலே காய்ந்த ஓலையையும் மட்டையையும் பரப்பி மூடுங்கள். அவற்றைக் கூட்டி எரிக்கிற வழக்கம் இந்தக் கரை முழுவதும் இருக்கிறது. மணல் தோட்டத்தில் அது பசளையை எரிப்பதற்குச் சமம்.

பொச்சுமட்டையை விற்கிறீர்களா? நிறுத்துங்கள். தென்னை மிக அதிகமாக எடுக்கும் சத்து பொற்றாசியம். காயோடு தோட்டத்தை விட்டுப் போகும் பொற்றாசியத்தில் பெரும்பங்கு பொச்சுமட்டையில்தான் இருக்கிறது. மரங்களுக்கு இடையில் குழி வெட்டி, மட்டையின் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி மண் போட்டு மூடினால், மாரி மழையை உறிஞ்சி வைத்திருந்து வரட்சியில் விட்டுக்கொடுக்கும். ஐந்தாறு வருடம் பயன் தரும். தும்புத்தூளை மட்டும் அப்படியே பாத்தியில் கொட்டாதீர்கள். அதில் காபன் அதிகம், நைதரசன் மிகக் குறைவு. மக்கும்போது மரத்துக்குரிய நைதரசனையும் நுண்ணுயிர்களே பிடித்துக்கொள்ளும். எருவோடு சேர்த்து மக்கவைத்த பிறகு போடலாம்.

இவ்வளவும் ஆனபின் நுண்ணுயிர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தென்னைக்குச் சொல்லும் அளவு, ஒரு மரத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அசோஸ்பிரில்லம் 50 கிராம், பொசுபோபக்டீரியா 50 கிராம், மைக்கோரைசா 50 கிராம். மூன்றையும் ஒரு வாளி ஈரமான மக்கிய எருவில் பிசறி, பாத்தியில் வேர் தெரியுமிடத்தில் இட்டு, உடனே மண்ணால் மூடவேண்டும். வெயில் பட்டால் செத்துவிடும் என்பதால் பின்னேரத்தில் செய்யுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வேண்டாம், கிணற்றுத் தண்ணீர் போதும். நம் பகுதிக்கு ஐப்பசியில் முதல் மழை மணலை நனைத்த கையோடு ஒருமுறை. மாரி முடிந்து ஈரம் காயமுன் பங்குனியில் இன்னொருமுறை. மார்கழியில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது இட்டால் வாய்க்காலுக்குத்தான் போகும்.

யூரியாவோடு கலக்கவே கூடாது. இரசாயனப் பசளைக்கும் நுண்ணுயிருக்கும் இடையில் இரண்டு கிழமையாவது விடுங்கள். ஆனால் பொட்டாஷை (பொற்றாசியப் பசளையை) நிறுத்தவேண்டாம். நைதரசனுக்காவது காற்று இருக்கிறது, பொற்றாசியத்தை எந்த நுண்ணுயிரும் உண்டாக்காது. மணலில் இல்லாததை எதிலிருந்து கரைத்துத் தரும்? கிளிசரியா ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கியதும் யூரியாவைப் படிப்படியாகக் குறையுங்கள். ஒன்றை அடியோடு நிறுத்திவிட்டு ஒரே போகத்தில் மற்றதைப் பிடிக்கப்போனால் என்னவாகும் என்று 2021இல் இரசாயனப் பசளையைத் தடைசெய்தபோது நாடே பார்த்தது.

போத்தலில் என்ன பார்ப்பது? உள்ளே இருக்கும் நுண்ணுயிரின் பெயர், ஒரு கிராமில் அல்லது மில்லிலீற்றரில் எத்தனை உயிர், தயாரித்த திகதி, காலாவதித் திகதி. இவை இல்லாமல் ‘இயற்கை நுண்ணுயிர்’ என்று மட்டும் அச்சடித்திருந்தால் வேண்டாம். தேசிய உரச் செயலகத்தில் பதிந்ததா என்றும் கேளுங்கள். கடை வாசலில் வெயிலில் அடுக்கியிருந்தால், பதிந்ததாக இருந்தாலும் வேண்டாம்.

உங்கள் இரண்டு ஏக்கரில் ஏறக்குறைய 128 மரம் நிற்கும். எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக வாங்காமல், ஒரே வயது, ஒரே மண்ணில் உள்ள 20 மரத்தைத் தெரிந்தெடுங்கள். எல்லாவற்றுக்கும் எருவும் இலையும் ஒரே அளவு. பத்துக்கு மட்டும் நுண்ணுயிர். ஒவ்வொரு பறிப்பிலும் காயை எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். உங்கள் மரங்களும், வாவிக்குக் கிழக்கே இந்த எழுவான்கரையில் பலருடையதைப் போல, 1978 சூறாவளிக்குப் பின் நட்டவையாக இருந்தால் வயதைக் குறைசொல்ல வேண்டாம். நெட்டைத் தென்னை 60 வருடம்வரை நன்றாகவே காய்க்கும்.

எருவைக் கொண்டுவந்து மாதக்கணக்கில் குவித்து வைத்துவிடாதீர்கள். காண்டாமிருக வண்டு முட்டையிடுவது அந்தக் குவியலில்தான். உடனே போட முடியாவிட்டால் கிளறிப் புழுவைப் பொறுக்குங்கள், அல்லது மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சணத்தைக் குவியலில் கலந்துவிடுங்கள். அது புழுவைக் கொல்லும், எருவுக்கு ஒன்றும் செய்யாது.