பழைய ஃப்ளாட் வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் 32 வருடப் பழைய வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். புது வீட்டோடு ஒப்பிட்டால் விலை நன்றாகவே குறைவு. உள்ளே டைல்ஸ், சமையலறை, பெயின்ட் எல்லாம் புதிதாக மாற்றி பளிச்சென்று இருக்கிறது. "அந்தக் காலத்துக் கட்டடம், கெட்டியாக இருக்கும்" என்கிறார் மாமனார். கணவர் தயங்குகிறார். இந்தக் கட்டடம் இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: உங்கள் மாமனார் சொல்வதைத் தப்பு என்று தள்ள முடியாது. நன்றாகப் போட்ட கான்கிரீட் நாளாக நாளாக இறுகத்தான் செய்யும். கட்டடத்துக்கு வயதாவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் கம்பியில்தான். புதுக் கான்கிரீட்டுக்குக் காரத்தன்மை அதிகம், பி.எச். அளவு 12-க்கு மேலேயே இருக்கும். அந்தக் காரம் இருக்கும்வரை கம்பியின் மேல் மெல்லிய படலம் ஒன்று உருவாகி துருப்பிடிக்காமல் காக்கும். ஆனால் காற்றில் உள்ள கரியமில வாயு வெளிப்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஊறி அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். பி.எச். 9 அளவுக்கு இறங்கி, இப்படிக் காரம் குறைந்த பகுதி கம்பியைத் தொட்டுவிட்டால் படலம் போய்விடும், அப்புறம் ஈரமும் காற்றும் இருந்தாலே போதும், துரு பிடிக்க ஆரம்பித்துவிடும். துரு என்பது இரும்பை விடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள், அதனால் உள்ளேயிருந்தே கான்கிரீட்டை நெம்பும். முதலில் கம்பி ஓடும் திசையிலேயே நேர்க்கோடாக விரிசல் வரும், அப்புறம் துண்டு துண்டாகப் பெயர்ந்து விழும். கடலோரக் கட்டடம் என்றால் உப்புக்காற்று இதற்கெல்லாம் காத்திருக்காது, காரம் இருக்கும்போதே கம்பியை அரித்துவிடும்.

ஆக, 32 வருடம் என்கிற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. கம்பிக்கு மேலே எத்தனை மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்கிறது, அதை எவ்வளவு கவனமாகப் போட்டார்கள், இத்தனை வருடமும் தண்ணீர் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டார்களா, இவைதான் கணக்கு. ஒரே தெருவில் ஒரே வருடம் கட்டிய இரண்டு கட்டடங்களில் ஒன்று திடமாகவும் மற்றது கம்பி தெரியவும் நிற்கும்.

அடுத்த முறை போகும்போது வீட்டுக்குள் அதிக நேரம் செலவழிக்காதீர்கள். அங்கே நீங்கள் பார்ப்பதெல்லாம் விற்பவர் உங்களுக்குக் காட்ட நினைத்தது. நேராக கார் நிறுத்துமிடத்துக்குப் போய் மேல்தளத்தை அண்ணாந்து பாருங்கள். பால்கனிகளின் அடிப்பாகம், மாடிப்படித் திருப்பங்கள், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, குழாய்கள் இறங்கும் சந்து, இந்த இடங்களுக்கெல்லாம் யாரும் அலங்காரம் செய்து வைக்க மாட்டார்கள். பழுப்புக் கறை வழிந்திருக்கிறதா, தூணின் ஓரத்தை ஒட்டி மேலிருந்து கீழாக நீள விரிசல் ஓடுகிறதா, உப்பு பூத்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமான இடத்தை ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள், டொக்கு டொக்கென்று வெற்று ஓசை வந்தால் அங்கே கான்கிரீட் உள்ளே பிரிந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு தூணில் மட்டும் புதுப் பூச்சு இருந்தால் ஏன் என்று கேட்காமல் வராதீர்கள். சுவர்ப் பூச்சில் முடி மாதிரி மெல்லிசாக வலைபின்னிய கீறல்கள் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடும்.

பிடித்திருந்தால், முன்பணம் கொடுக்கும் முன்பு ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூட்டிப்போங்கள். அவர் செய்யக்கூடிய ஒரு எளிய சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். கான்கிரீட்டில் சின்னதாக உடைத்து, புதிதாகத் தெரியும் பரப்பில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். காரம் இருக்கும் பகுதி பளிச்சென்று இளஞ்சிவப்பாக மாறும், காரம் போன பகுதி நிறமில்லாமல் அப்படியே இருக்கும். நிறமில்லாத பகுதியின் ஆழத்தை அளந்து, கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதோடு ஒப்பிட்டால் நிலைமை புரிந்துவிடும். இந்த ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் கூடும் என்பதால், 16 வருடத்தில் 10 மில்லிமீட்டர் போயிருந்தால் அடுத்த 10 மில்லிமீட்டர் போக இன்னும் 48 வருடம் பிடிக்கும். தண்ணீர் கசியும் இடத்திலும் விரிசல் விட்ட இடத்திலும் இந்தக் கணக்கு செல்லாது. தூண், தளம் எல்லாம் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொதுவானவை என்பதால் உடைத்துப் பார்க்க குடியிருப்பின் வீட்டுக்காரர்கள் சங்கத்தின் அனுமதி வேண்டும். விடவில்லை என்றால் சங்கம் ஏற்கெனவே செய்த ஆய்வு அறிக்கையைக் கேளுங்கள், அதுவும் இல்லை என்றால் 32 வருடமாக யாரும் பார்க்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

அப்புறம், அந்தப் புது டைல்ஸ். அதற்கு அடியில் இருக்கும் குழாயும் புதிதா? இந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள், மாற்றியதற்கு ரசீதோ வேலை நடந்தபோது எடுத்த போட்டோவோ இருந்தால் காட்டச் சொல்லுங்கள். பழைய ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே துரு அடைத்து அடைத்து துவாரம் சின்னதாகியிருக்கும். காலையில் முதன்முதலாகக் குழாயைத் திறக்கும்போது தண்ணீர் செம்பழுப்பாக வந்தால், இரண்டு குழாயை ஒன்றாகத் திறந்தால் வேகம் சட்டென்று குறைந்தால், அது வெளியே வரக் காத்திருக்கும் செலவு. அப்போது போட்ட டைல்ஸையும் சேர்த்து உடைக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: நாங்கள் பார்த்த இடத்தில் மாதப் பராமரிப்புக் கட்டணம் அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளை விடப் பாதிதான். "எங்கள் சங்கம் சிக்கனம், பல வருடமாகக் கட்டணத்தை ஏற்றவே இல்லை" என்று பெருமையாகச் சொன்னார்கள். இது நல்ல விஷயம்தானே?

பதில்: எனக்கென்னவோ இதைக் கேட்டதும் கவலையாகத்தான் இருக்கிறது. கட்டடம் கட்டிய வருடத்தில் லிஃப்ட், குழாய், மின்கேபிள், மோட்டார், மொட்டைமாடி வாட்டர்ப்ரூஃபிங் எல்லாமே ஒன்றாகப் புதிதாக வந்தவை. லிஃப்டுக்கு 20, 25 வருடம், வாட்டர்ப்ரூஃபிங்குக்கு அதிலும் குறைவு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆயுள் உண்டு. முதல் 15 வருடம் பெரிய செலவே வராது, அதனால் குடியிருப்பவர்களுக்குக் குறைந்த கட்டணமே போதும் என்று பழகிவிடும். 25-லிருந்து 35 வருடத்துக்குள் எல்லாம் வரிசையாகக் கைநீட்டும். நீங்கள் பார்த்தது அந்த வயதுக் கட்டடம் என்றால், வாங்கப்போவது சரியாக அந்த வரிசை நடக்கும் நேரத்தில்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். லிஃப்ட் 25 வருடம் ஓடும் என்றால் அதை மாற்ற ஆகும் தொகையில் வருடத்துக்கு 4 சதவீதம் ஒதுக்கி வந்திருக்க வேண்டும். 20 வருடம் ஓடிய லிஃப்டுக்கு 80 சதவீதப் பணம் சங்கத்தின் வங்கிக்கணக்கில் இருக்க வேண்டும். இப்படியே மற்றவற்றுக்கும் போட்டுக் கூட்டி, சங்கத்தின் இருப்பைக் கழித்து, மொத்த வீடுகளால் வகுத்தால் வருவது உங்கள் தலையில் விழப்போகும் பங்கு. விற்பவர் சொல்லும் விலையோடு இதையும் சேர்த்தால்தான் உண்மையான விலை. பல இடங்களில் இப்படிக் கூட்டிப் பார்த்தால் 'மலிவு' என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

ஜப்பானில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் 30 வருடத்துக்குக் குறையாத பழுதுபார்ப்புத் திட்டம் ஒன்றை எழுதிவைத்து, அதற்கென்று தனி நிதி சேர்க்க வேண்டும் என்று அரசு வழிகாட்டுதலே இருக்கிறது. ஏறக்குறைய 12 முதல் 15 வருடத்துக்கு ஒருமுறை சாரம் கட்டிக் கட்டடம் முழுவதையும் பழுதுபார்ப்பார்கள். அங்கேயும் நிதி போதாமல் திண்டாடும் குடியிருப்புகள் உண்டு, ஆனால் எவ்வளவு போதவில்லை என்று காகிதத்தில் தெரியும்.

தள்ளிப்போட்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சர்ஃப்சைடு என்ற கடலோர ஊரில் 1981-ல் கட்டிய 12 மாடிக் குடியிருப்பு, சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத். நீச்சல்குளத் தளத்தில் வாட்டர்ப்ரூஃபிங் கெட்டுவிட்டது, சரிவில்லாமல் சமதளமாகப் போட்டதால் தண்ணீர் தேங்கி கீழே உள்ள கான்கிரீட்டைக் கெடுக்கிறது என்று 2018-லேயே ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். செலவைப் பற்றி வீட்டுக்காரர்களுக்குள் வாக்குவாதம் இழுத்துக்கொண்டே போய், 1.5 கோடி டாலர் வசூலிப்பது என்று முடிவானது 2021 ஏப்ரலில். ஜூன் 24 அதிகாலையில் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது, 98 பேர் இறந்துபோனார்கள். தளத்தின் வடிவமைப்பிலேயே குறை இருந்ததாகவும் பின்னர் விசாரணையாளர்கள் கண்டார்கள். அடுத்த வருடமே அந்த மாநிலம் சட்டம் கொண்டுவந்தது: மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்புகளுக்கு 30 வருடம் ஆனால் கட்டாயக் கட்டமைப்பு ஆய்வு, அத்தியாவசியப் பழுதுகளுக்கு நிதி ஒதுக்காமல் தட்டிக்கழிக்க முடியாது. அதுவரை குறைந்த கட்டணத்தில் ஓட்டிய பல குடியிருப்புகளில் கட்டணம் மடமடவென்று ஏறியது.

சங்கத்தின் கடைசி மூன்று, நான்கு வருடக் கூட்டக் குறிப்புகளை வாங்கிப் படியுங்கள். ஒரே பழுது கூட்டத்துக்குக் கூட்டம் "அடுத்த முறை பேசலாம்" என்று தள்ளிப்போயிருந்தால் அந்தச் செலவு உங்களுக்காகவே காத்திருக்கிறது. எத்தனை வீடுகள் கட்டணப் பாக்கி வைத்திருக்கின்றன, ஏதாவது வழக்கு நடக்கிறதா என்றும் கேளுங்கள். குறிப்புகளைக் காட்டவே மாட்டோம் என்றால், நான் அந்த வீட்டை வாங்க மாட்டேன்.

கேள்வி: கடைசி மாடி வீடு கிடைக்கிறது. கீழே எடுப்பதா, மேலே எடுப்பதா?

பதில்: பழைய கட்டடத்தில் கடைசி மாடி என்றால் மழை பெய்து முடிந்த பின் போய்ப் பாருங்கள், வெயில் நாளில் எல்லாக் கூரையும் நன்றாகத்தான் இருக்கும். மொட்டைமாடியில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, வடிகால் வாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மேல்தளப் பழுது சங்கத்தின் செலவா கடைசி மாடிக்காரர் செலவா என்பது விதிகளில் எழுத்தில் இருக்க வேண்டும். தரைத்தளத்தில் கழிவுநீர் எதிர்த்து வருமா என்று அங்கே குடியிருப்பவரையே கேளுங்கள். நடு மாடிக்கு இந்த இரண்டு தலைவலியும் குறைவு.

கேள்வி: வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது சார். தூண்களைப் பழுதுபார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டிடமும் பெரிய தொகை கேட்கிறார்கள். வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. கொடுக்காமல் விற்றுவிட்டுப் போய்விடலாமா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. முடிவு எடுத்த கூட்டத்தின் தேதியைப் பாருங்கள். நீங்கள் வாங்குவதற்கு முன்பே முடிவாகி விற்பவர் மறைத்திருந்தால், ஒப்பந்தத்தோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், விற்றவரிடமிருந்து அந்தத் தொகையை வாங்க வழி இருக்கலாம். ஆனால் அது முடியும்வரை தூண் காத்திருக்காது. ஆரம்பத்தில் துருவைச் சுரண்டி, பூச்சு கொடுத்து, மூடிவிடக்கூடிய வேலை, விட்டுவிட்டால் கம்பியே மெலிந்து, முட்டுக்கொடுத்துத் தூணை வலுப்படுத்தும் வேலையாகிவிடும், செலவு பல மடங்கு. இப்போது விற்கப் போனாலும் வாங்குபவருக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அவர் இந்தத் தொகையை விட அதிகமாகவே விலையில் குறைப்பார்.

பணத்தைக் கொடுக்கும் முன் மூன்றைக் கேட்டு வாங்குங்கள். பொறியாளரின் அறிக்கை, குறைந்தது இரண்டு ஒப்பந்தக்காரர்களின் விலைப்புள்ளி, வேலை முடிய முடியத் தவணையில் பணம் கொடுக்கும் ஏற்பாடு. முடிந்தால் மேற்பார்வைக் குழுவில் நீங்களே சேர்ந்துவிடுங்கள். கம்பியில் துருவை முழுக்க எடுத்தார்களா என்பதைப் பூசி மூடுவதற்கு முன்னால் மட்டும்தான் பார்க்க முடியும், அன்றைக்கு நீங்கள் அங்கே நின்று ஒவ்வொரு தூணையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.