நீங்கள் இல்லாத இரண்டு நாள்

கேள்வி: மறதி நோயுள்ள முதியவர்களை வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்களுக்காக நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கினேன். இன்று அதில் 600 பேர் இருக்கிறார்கள். யார் எதைக் கேட்டாலும் உடனுக்குடன் பதில் சொல்வது நான்தான். காலையில் ஒரு குறிப்பு, மதியம் ஒரு கட்டுரை, இரவில் சந்தேகங்களுக்கு விளக்கம் என்று நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது பதிவுகளாவது இடுகிறேன். போன வாரம் உறுப்பினர் ஒருவர், "இது குழுவா, உங்கள் சொந்தப் பக்கமா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். பொறாமை என்றுதான் நினைக்கிறேன். மாமியாரை மருத்துவமனையில் சேர்த்திருந்த இரண்டு நாள் என்னால் குழுவுக்குள் வர முடியவில்லை. அந்த இரண்டு நாளும் அங்கே ஒரு பதிவுகூட விழவில்லை. நான் இல்லையென்றால் குழுவே இல்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? சில திரைப்பிடிப்புகளை இணைத்திருக்கிறேன். அதிகம் எழுதுவது குற்றமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: குற்றமில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு இவ்வளவுதான் பதில் என்பதால் அதை இத்தோடு விட்டுவிட்டு, போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வாக்கியத்துக்கு வருகிறேன். மாமியார் மருத்துவமனையில் இருந்த இரண்டு நாளும் குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்கிறீர்கள். அதையே உங்கள் பெருமைக்குச் சான்றாகவும் நீட்டுகிறீர்கள். 600 வீடுகள், வீட்டுக்கு ஒரு மறதி நோயாளி, முழுதாக இரண்டு இரவுகள். இதற்கிடையில் ஒரு வீட்டில்கூடப் பெரியவர் ஒருவர் தூங்காமல் எழுந்து நடமாடவில்லையா? ஒருவரும் மாத்திரையைத் துப்பவில்லையா, பெற்ற மகனைப் பார்த்து நீ யார் என்று கேட்கவில்லையா? எல்லாம் நடந்திருக்கும். கேட்க வேண்டியவர்களும் இருந்திருப்பார்கள், அதையெல்லாம் முன்பே பட்டுத் தேறி வழி சொல்லக்கூடியவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் அந்த இடத்தில் வாய் திறக்க உரிமையுள்ளவர் நீங்கள் ஒருவரே என்று நான்கு ஆண்டுகளாக அவர்களைப் பழக்கி வைத்திருப்பதால், நீங்கள் திரும்பி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். உயிருள்ள குழுவில் மிக அதிகம் எழுதுபவர் இரண்டு நாள் காணாமற்போனால் பேச்சு கொஞ்சம் குறையும், பதில் தாமதமாகும், ஒன்றிரண்டு அரைகுறை யோசனைகள்கூட வந்து விழும், அடியோடு ஓய்ந்துபோகாது.

அதே வாக்கியத்தில் நீங்கள் கவனிக்காமல் விட்ட இன்னொன்றும் இருக்கிறது. நாள்தோறும் ஐம்பது முறை பேசும் ஒருவர் திடீரென்று மௌனமானபோது, "அவருக்கு என்ன ஆயிற்று, வீட்டில் எல்லாரும் நலமா?" என்று 600 பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவர்கள் நன்றி கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் அவர்களிடம் ஒருநாளும் எதையும் கேட்டதில்லை, உங்கள் மாமியாரைப் பற்றி ஒரு கவலையைக்கூடப் பகிர்ந்ததில்லை. பதில் மட்டுமே சொல்லும் ஒருவருக்கும் ஒரு வீடு உண்டு, அங்கும் நோய் வரும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அதிகம் எழுதுபவர்கள் இல்லாமல் எந்தக் குழுவும் எழுந்து நின்றதில்லை என்பதை நான் மறுக்கவில்லை. இணையப் பயன்பாட்டை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் ஜேக்கப் நீல்சன் 2006-இல் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார்: பெரும்பாலான இணையக் குழுக்களில் 90 சதவீதம் பேர் படிப்பதோடு சரி, 9 சதவீதம் பேர் எப்போதாவது எழுதுவார்கள், பெரும்பகுதியை எழுதுபவர்கள் மீதமுள்ள 1 சதவீதத்தினரே. இந்தக் கணக்கின்படி பார்த்தால், வாயே திறக்காத 540 பேரைப் பற்றி நீங்கள் வருந்த வேண்டியதில்லை. படித்துப் பயனடைந்துவிட்டுப் போகட்டும். ஆனால் உங்களைப் போல் ஓயாமல் எழுதுபவர்கள் ஆறு பேராவது இருக்க வேண்டும், அவ்வப்போது எழுதுபவர்கள் ஐம்பத்துநான்கு பேர் இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் ஒருவர்தான் இருக்கிறார். மற்ற ஐவர் எங்கே போனார்கள்?

அதற்கு விடை நீங்கள் அனுப்பிய திரைப்பிடிப்பிலேயே இருக்கிறது. இரவு 10.40 மணிக்குப் புதிய உறுப்பினர் ஒருவர், அப்பா வாசல் கதவைத் திறந்துகொண்டு "வீட்டுக்குப் போகிறேன்" என்று கிளம்பிவிடுகிறார், என்ன செய்வது என்று தெரியவில்லை என எழுதியிருக்கிறார். 10.41-க்கு உங்கள் பதில், பதினோரு வரிகளில், தாழ்ப்பாளை எங்கே பொருத்துவது என்பது வரைக்கும். அதற்கு நேர்கீழே 10.42-க்கு, வேறொருவர் பெயரில், "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்ற சாம்பல் நிற வரி. அதற்கும் கீழே இரண்டு கும்பிடுகள். உங்கள் பதிலின் சிறப்பைக் காட்டத்தான் இதை அனுப்பினீர்கள் போலும். என் கண் அந்தச் சாம்பல் வரியைவிட்டு நகரவில்லை. யாரோ ஒருவர் அந்த நேரத்தில் தூக்கத்தை விட்டு எழுதினார், உங்கள் பதினோரு வரிகளைப் பார்த்தார், தன்னுடையது இனி எதற்கு என்று அழித்துவிட்டுப் போனார். "எங்கள் வீட்டிலும் அப்படித்தான், நான் அப்பாவோடு தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்ப அழைத்து வந்துவிடுவேன்" என்பதுபோல் ஏதேனும் இருந்திருக்கலாம். அந்த மகனுக்கு அந்த இரவில் வேண்டியிருந்தது அதுதான். தாழ்ப்பாளைப் பற்றி மறுநாள் காலையில் படித்துக்கொண்டிருக்கலாம்.

நல்லெண்ணமும் வேகமும் சேர்ந்தால் புதிதாக வருகிறவர்களை விரட்டிவிடும் என்பது இணையத்துக்குப் பழைய செய்தி. ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து பங்களிப்பவர்களின் எண்ணிக்கை 2007-இல் உச்சத்தைத் தொட்டுப் பிறகு சரிந்தது. ஏன் சரிந்தது என்று ஆராய்ந்து 2013-இல் வெளியான கட்டுரை ஒன்று, புதியவர்கள் நல்ல நோக்கத்தோடு செய்த திருத்தங்களைப் பழைய கைகளும் அவர்களின் தானியங்கிக் கருவிகளும் உடனுக்குடன் தள்ளுபடி செய்ததை முக்கியக் காரணமாகக் காட்டியது. தள்ளுபடி செய்தவர்கள் கலைக்களஞ்சியத்தைக் காப்பாற்றுவதாகவே நம்பினார்கள்.

இனி, நீங்கள் அரை வரியில் கடந்துபோன மாமியாருக்கு வருகிறேன். அவருக்கு என்ன நோய், இப்போது எப்படி இருக்கிறார், வீடு திரும்பிவிட்டாரா என்று ஒரு சொல் எழுதவில்லை. ஆனால் அவர் கட்டிலில் கிடந்த இரண்டு நாளில் குழுவில் எத்தனை பதிவு விழுந்தது என்ற கணக்கு மட்டும் பிசகாமல் வந்திருக்கிறது. பெரியவர்களைப் பேணுவது எப்படி என்று 600 பேருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒருவரின் கடிதம் இது. எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன்? வீட்டில் இருக்கும் முதியவரின் கை பிடிக்க வேண்டிய நேரத்தில் ஊராரின் சந்தேகங்களைத் தீர்ப்பதை நான் தொண்டு என்று ஏற்கமாட்டேன். வீட்டுக் கடமைக்கு மிச்சம் இருப்பதுதான் ஊருக்கு. இன்னொன்றும் கேட்கிறேன். அவர் உங்கள் கணவரைப் பெற்றவர். மருத்துவமனையில் இரண்டு நாளும் நீங்களே இருந்ததாகத் தெரிகிறதே, மகன் எங்கே இருந்தார்? வீட்டிலும் எல்லாவற்றையும் நீங்களே இழுத்துப் போட்டுக்கொண்டு, மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நீங்களே முடிவுகட்டிவிடுகிறீர்களோ என்று சந்தேகப்படுகிறேன். தாய்க்குச் செய்வது மகனின் கடமையும்தான்; அதை அவர் கையிலிருந்து பிடுங்கிச் செய்வதில் புண்ணியம் ஒன்றும் இல்லை.

குழுவுக்கு என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். கேள்வி வந்ததும் பதில் எழுதும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். யாரோ விழுந்துவிட்டார், காயம், மூச்சுத் திணறல் என்றால் உடனே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். மற்ற எதற்கும் மறுநாள் காலை வரை காத்திருங்கள். காலையிலும் யாரும் பதில் சொல்லவில்லையென்றால், நீங்கள் சொல்லாமல், இதே துன்பத்தைக் கடந்த உறுப்பினர் ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து, "உங்கள் அம்மாவுக்கும் இப்படி இருந்ததே, நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்வது உங்களுக்குத் தெரிந்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும். திருத்தக் கை பரபரக்கும். மருந்தின் அளவைத் தவறாகச் சொன்னால் மட்டும் திருத்துங்கள். தினசரிக் குறிப்பும் மதியக் கட்டுரையும் வாரத்துக்கு ஒன்று போதும். ஐம்பது பதிவுகள் வந்து விழும் குழுவை மனிதர்கள் "எப்போதும்" என்று தெரிவுசெய்து ஒலியடக்கி வைத்துவிடுவார்கள். அப்படி எத்தனை பேர் செய்திருக்கிறார்கள் என்பதை வாட்ஸ்அப் உங்களுக்குச் சொல்லாது. அவசரத்தில் எழுதப்படும் ஒரு கேள்வியும் அந்தக் குவியலுக்கடியில் புதைந்துபோகும்.

அட்மின்கள் மட்டும் எழுதும்படி மாற்றும் வசதியை வாட்ஸ்அப் 2018-இலேயே கொடுத்துவிட்டது. அதைத் தொட்டுவிடாதீர்கள், குழு அறிவிப்புப் பலகையாகிவிடும். டெலிகிராமுக்கு மாறினால், ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் இடைவெளி விடச் செய்யும் ஏற்பாடு அங்கே உண்டு. ஆனால் அது அட்மின்களைக் கட்டுப்படுத்தாது என்பதால் உங்கள் விஷயத்தில் பயன் இல்லை.

கடைசியாக, நீங்கள் பொறாமைக்காரர் என்று முடிவுகட்டியிருக்கும் அந்த உறுப்பினர். 600 பேரும் மனத்தில் வைத்திருந்ததை ஒருவர் வெளியில் சொல்லியிருக்கிறார், அதுவும் குழுவைவிட்டுச் சத்தமின்றி விலகாமல், உங்கள் முகத்துக்கு நேராக. அக்கறை இல்லாதவர் இவ்வளவு மெனக்கெடமாட்டார். அவரோடு இன்னொருவரையும் சேர்த்து அட்மின் ஆக்குங்கள். பிறகு ஒரு வாரம் உங்களுக்கு விடுப்பு என்று குழுவில் எழுதுங்கள். காரணத்தையும், மாமியாரின் பெயரையும், அவருக்கு என்ன உடம்பு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.