நாசில் கழுத்தை அகலப்படுத்தினால் கேபின் சூடாகுமா?

கேள்வி: மதுரை புதூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் மச்சான், டர்போ இன்ஜினும் பிரஷர் கேபினும் உள்ள விமானத்தை கிட்டாக வாங்கித் தானே கட்டி ஓட்டுகிறார். 24,000 அடியில் கால் விறைத்துப் போகிறதாம். கேபினுக்குக் காற்று விடும் நாசிலின் கழுத்தை 2 எம்எம் கூட்டி போர் பண்ணி அனுப்பச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம் அண்ணே. அது வெறும் ஓட்டை இல்லை. டர்போ அழுத்தும் காற்று இன்ஜினுக்கு உரியது, அதில் கொஞ்சத்தைத்தான் கேபின் எடுத்துக்கொள்கிறது. நாசில் கழுத்தில் காற்று ஒலி வேகத்தைத் தொட்டதும், கதவு சீலே பிய்ந்து கேபின் அழுத்தம் விழுந்தாலும் அதற்கு மேல் காற்று போகாது, இன்ஜின் பட்டினி கிடக்காது. சாதா ஓட்டையில் இது நடக்க, கேபின் அழுத்தம் டர்போ பக்கத்தில் இருப்பதில் 53 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். டர்போ பக்கம் 17 பிஎஸ்ஐ, கேபினில் 10.7 என்றால் 63 சதவீதம் வருகிறதே! கழுத்துக்கு அப்பால் மெல்ல விரியும் கூம்புதான் அங்கேயும் காற்றைக் கட்டிப்போடுகிறது, அதில் போய் டிரில்லை விட்டால் வடிவமே போச்சு. கழுத்து 10 எம்எம் என்றால், 12 ஆக்கும்போது 44 சதவீதம் கூடுதல் காற்று போகும், அத்தனையும் இன்ஜின் வாயிலிருந்து பிடுங்கியது.

சரி, சூடு எங்கே போகிறது? அந்த உயரத்தில் வெளியே மைனஸ் 32 டிகிரி. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடி சுடுமே, அதே கதைதான்: மூன்று மடங்கு அழுத்தியதும் அந்தக் காற்று கிட்டத்தட்ட 95 டிகிரிக்குப் போய்விடுகிறது. அப்புறம் இன்டர்கூலர் அதைக் குளிர்விக்கிறது, மிச்சச் சூட்டையும் கேபினுக்குப் போகும் உறை போடாத குழாய் இன்ஜின் அறைக்குள்ளேயே விட்டுவிடுகிறது. அதனால் முதலில் குழாய்க்குச் சூடு தாங்கும் உறை போடச் சொல்லுங்கள். போதாவிட்டால் இன்டர்கூலருக்கு முன்னால் ஒரு கிளை எடுத்து, சூட்டுக் காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் வால்வு வைத்து நாசிலுக்கு விடலாம். புகைக்குழாயைச் சுற்றி உறை மாட்டிச் சூடு எடுக்கும் யோசனை இருந்தால் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் பறக்கக் கூடாது.

கால் மட்டும் விறைக்கிறது என்றால் எனக்கு ஒழுக்கு மேல்தான் சந்தேகம். இன்ஜின் பக்கச் சுவரில் ஒயர் நுழையும் ஓட்டைகள் ஒழுகினால், வந்த வெதுவெதுப்பு காலைத் தொடாமலே அந்த வழியாகப் போய்விடும். தரையில் புளோயரால் லேசாக அழுத்தம் ஏற்றி, வெளியிலிருந்து சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக் கொடுத்துவிடும், பஞ்சர் கடை வேலைதான்.

லேத்தில் ஏதாவது செய்தே ஆக வேண்டுமென்றால் அந்தக் கலக்கும் வால்வுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுங்கள். தகடு இரண்டு பக்கமும் சிக்காமல் முழுசாக மூட வேண்டும், நம்மூர் மே மாத வெயில் மாதிரி வெயிலில் தரையில் நிற்கும்போது சூட்டுக் காற்று ஒரு துளி உள்ளே வந்தாலும் மச்சான் அவிந்துபோவார்.