ஏழைகளுக்கான திட்டத்தைத் தீட்டும்போதே மக்களை ஏன் சேர்க்க வேண்டும்?

நிபுணர்கள் இருக்கும்போது மக்களிடம் எதற்குக் கேட்க வேண்டும் என்கிறீர்கள். குழாய் பதிக்கப் பொறியாளருக்குத் தெரியும், சரி. ஆனால் எங்கே மழைத்தண்ணீர் தேங்கும், இருட்டியபின் எந்த வழியில் போகப் பெண்கள் பயப்படுவார்கள் என்பதெல்லாம் அங்கே வாழ்பவர்களுக்குத்தான் தெரியும்.

பாகிஸ்தானின் கராச்சி நகரில் ஏழைகள் வாழும் ஒராங்கி குடியிருப்பைப் பாருங்கள். 1980இல் அக்தர் ஹமீத் கான் என்ற சமூகப் பணியாளர் அங்கே வேலையைத் தொடங்கினார். 20, 30 வீடுகள் கொண்ட ஒவ்வொரு சந்தும் தனக்கொரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்தது. சந்துக்குள் ஓடும் கழிவுநீர்க் குழாய்க்கு மக்களே பணம் போட்டார்கள், வேலையையும் அவர்களே நடத்தினார்கள். கானின் குழு வரைபடமும் தொழில்நுட்ப உதவியும் தந்தது. ஒப்பந்ததாரர் இல்லாததால் செலவு வெகுவாகக் குறைந்தது. எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை.

அப்புறம், கூட்டம் கூட்டிக் கையெழுத்து வாங்குவதைப் பங்கேற்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1969இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மக்கள் பங்கேற்பை 8 படி ஏணியாக விளக்கினார். அதில் கருத்துக் கேட்பது 4ஆவது படிதான். முடிவில் பங்கு கிடைப்பது 6ஆவது படியிலிருந்துதான்.

கூட்ட நேரத்தையும் கவனியுங்கள். வேலை நாளில் பகலில் வைத்தால் தினக்கூலிக்குப் போகிறவர் வரவே முடியாது.