மூன்றாம் பாகம் தந்த ஏமாற்றம்

அன்புச் சகோதரிக்கு வணக்கம். காதலும் மர்மமும் கலந்த அந்த நாவல் தொடரின் முதலிரு பாகங்களை விடிய விடியப் படித்த தங்களுக்கு மூன்றாம் பாகம் கசந்துவிட்டதாகவும், நான்காவதை வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பாளையங்கோட்டையில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து படித்தோம். ஐவருக்கு அதே கசப்புதான். என் மதினிக்கு மட்டும் நாயகியின் ஆச்சி பேசும் இடங்கள் பிடித்திருந்தன.

குற்றவாளி பாதியிலேயே தெரிந்துவிடுவதை நான் பெரிய குறையாகக் கருதவில்லை. காதலும் மர்மமும் ஒரே கயிற்றின் இரு புரிகளாக முறுக்கேற வேண்டிய இவ்வகை நாவலில், ஆபத்து நெருங்க நெருங்க ‘இவனை நம்பலாமா’ என்ற கேள்வியும் நாயகியின் நெஞ்சில் இறுக வேண்டும். இங்கோ ஒரு தொலைபேசி அழைப்பில் தீரக்கூடிய சந்தேகத்தை நூறு பக்கங்களுக்கு இழுத்திருக்கிறார்கள். வெள்ளக் காட்சியும் என்னை வருத்தியது. தாமிரபரணி பெருகினால் குறுக்குத்துறை முருகன் கோயிலை வெள்ளம் சூழ்ந்து மூழ்கடிக்கும் என்பது இங்கே சிறுபிள்ளைகளுக்கும் தெரியும். 2023 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட எவருக்கும், காதலர் இருவரும் ஆற்றங்கரை மண்டபத்தில் இரவெல்லாம் பேசிக்கொண்டிருப்பதை ஏற்க மனம் வராது.

நான்காம் பாகத்தை இப்போது வாங்க வேண்டாம். நூலகத்தில் கிடைத்தால் முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்துப் பாருங்கள். இரண்டாம் பாகத்தில் காணாமற்போன அண்ணனின் கதை அங்கே தொடர்ந்தால், மேலே படிக்கலாம்.