ஸ்விட்ச் கேள்விகள்: பிரேக் எங்கே?

கே: 90 மார்க்குக்கு மேல் ‘ஏ’, 75-க்கு மேல் ‘பி’ என்று சி மொழியில் ஸ்விட்ச் எழுத முடியுமா? (காட்பாடி)

ப: ‘இப்படியானால் இது, இல்லையென்றால் அது’ என்று இஃப்-எல்ஸ் எழுதுங்கள். ஸ்விட்ச் என்பது கொடுத்த மதிப்புக்குச் சமமான கேஸுக்குத் தாவுவது; அதற்குச் சமமா இல்லையா என்று பார்க்கத்தான் தெரியும்.

கே: ஜாவாவில் ஊர்ப் பெயரை வைத்து ஸ்விட்ச் போடலாமா? (ஆற்காடு)

ப: 2011-ல் ஜாவா 7 வந்ததிலிருந்தே ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடர், கொடுக்கலாம். ‘ஆரணி’க்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டாலும் அது வேறு ஊர், ஓரத்து ஸ்பேஸை டிரிம் செய்துவிட்டுக் கொடுங்கள்.

கே: என் புரோகிராம் ஓடவில்லை, ஏன்?

ப: எந்த மொழி? என்ன எரர்? கோடிங்கும் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. அடுத்த கடிதம்.

கே: பிரியாணிக் கடைக்கு சி-யில் பில் புரோகிராம் எழுதினேன். 1 கால் பிளேட், 2 அரை, 3 ஃபுல். அரை 120 ரூபாய், ஃபுல் 220. ஆனால் 2-ஐ அழுத்தினால் 340 வருகிறது. 3 மட்டும் சரி. கம்பைலர் கோளாறா? (ஆம்பூர்)

ப: புரோகிராமைக் கம்ப்யூட்டர் மொழிக்கு மாற்றுகிற கம்பைலரை விடுங்கள். மாதத்துக்கு ஒருவராவது இதையே எழுதுகிறீர்கள், எல்லோருக்கும் கம்பைலர் மேல்தான் சந்தேகம். கேஸ் என்பது ஏறுகிற ஸ்டாப், பிரேக் இறங்குகிற ஸ்டாப். ஆம்பூரில் வேலூர் பஸ் ஏறி, பள்ளிகொண்டாவில் இறங்காமல் தூங்கினால் பஸ் நிற்குமா? உங்கள் 2-க்கு அடியில் பிரேக் இல்லை; அரையைக் கூட்டிவிட்டு அப்படியே ஃபுல்லுக்குள் போய்விட்டது. 1-ஐ அழுத்திப் பாருங்கள், மூன்றும் சேர்ந்து வரும். 3 சரியாக வந்ததற்குக் காரணம், அதற்குக் கீழே ஒன்றும் இல்லாததுதான். அதை மட்டும் சோதித்துவிட்டுக் கடைக்காரரிடம் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்! கேஸ் என்று அடித்த கையோடு பிரேக்கையும் அடியுங்கள், மற்றதை நடுவில் எழுதலாம். ஜிசிசி என்ற கம்பைலரின் 7-ஆம் பதிப்பிலிருந்து டபிள்யூ-எக்ஸ்ட்ரா (-Wextra) ஆப்ஷன் போட்டால் இந்த விடுபாட்டைச் சொல்லிவிடும். வார்னிங்கைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கே: திரும்பத் திரும்ப ஓடும் வைல் லூப்புக்குள் மெனு. ‘வெளியேறு’ கேஸில் பிரேக் போட்டும் மெனு திரும்ப வருகிறது. (குடியாத்தம்)

ப: அந்த பிரேக் ஸ்விட்ச்சை விட்டுத்தான் வெளியே வரும், லூப்பை விட்டு அல்ல. ‘வெளியேறு’ அழுத்தியதைக் குறித்துக்கொள்ள ஒரு ஃபிளாக் வையுங்கள், லூப் அதைப் பார்த்து நிற்கட்டும். 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவில் ஏடி அண்ட் டி-யின் தொலைதூரத் தொலைபேசி சுமார் 9 மணி நேரம் தடுமாறியதே, அதுவும் ஸ்விட்ச்சுக்குள் இடம் மாறி விழுந்த ஒரு பிரேக்கால்தான்.

கே: எந்த கேஸும் பொருந்தாதபோது ஓடும் டிஃபால்ட் கட்டாயமா? (ராணிப்பேட்டை)

ப: இல்லை. ஆனாலும் போடுங்கள், யாராவது 7-ஐ அழுத்துவார்கள். அதற்கும் பிரேக் போடுங்கள். நாளைக்கு ஒருவர் வந்து அதன் கீழே புது கேஸ் சேர்ப்பார்.