கேள்வி - பதில்: ஐ.எஸ். எழுந்ததும் சரிந்ததும்

கேள்வி: இராக்கிலும் சிரியாவிலும் நிலம் பிடித்த ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) இயக்கம் மின்னல் வேகத்தில் வளர்ந்து, அதே வேகத்தில் வீழ்ந்தது எப்படி?

பதில்: மின்னல் வேகம் என்பது தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தோன்றியதே. 2003இல் அமெரிக்க நிர்வாகம் இராக் ராணுவத்தைக் கலைத்து, ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானோரைப் பிழைப்பின்றி நிறுத்தியபோதே அதற்கான நிலம் உழப்பட்டுவிட்டது. ஐ.எஸ்.ஸின் முன்னோடியாக, ஜோர்டானியத் தீவிரவாதி அபூ முஸப் அல் ஜர்காவி இராக்கில் வளர்த்த அமைப்பு, 2006இல் அவர் கொல்லப்பட்டு, அன்பார் மாகாணத்துச் சுன்னி பழங்குடியினரும் எதிராகத் திரும்பிய பின் ஏறக்குறைய ஒடுங்கிக் கிடந்தது. 2011இல் மூண்ட சிரிய உள்நாட்டுப் போரும், இராக் பிரதமர் நூரி அல் மாலிகியின் ஷியா தலைமையிலான அரசு மீது சுன்னி மக்களுக்கிருந்த கசப்பும்தான் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தன. 2014 ஜூனில், எண்ணிக்கையில் பன்மடங்கு பெரிய இராக் படை வட இராக்கின் பெருநகரான மோசூலை விட்டு ஓடியது; ஐ.எஸ்.ஸின் பலத்தைவிட அந்த அரசின் உளுத்த நிலையையே அது காட்டியது என்பது என் கருத்து.

வீழ்ச்சியும் அதே வேகத்தில் நிகழவில்லை. மோசூலை மீட்கவே ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் பிடித்தன. நிலத்தைப் பிடித்து, வரி வசூலித்து, எண்ணெய் விற்று அரசாக நடக்க முயன்றதே அதன் பலவீனமானது. மறைந்து திரியும் கூட்டத்தைவிட, தலைநகர் வைத்திருக்கும் கூட்டத்தைக் குண்டுவீசித் தாக்குவது எளிது. வட இராக்கின் சிஞ்சாரில் யஜீதிகள் என்ற சிறுபான்மை மதத்தினரைக் கொன்று, பெண்களை அடிமைகளாக்கிய கொடுமைகளுக்குப் பின், வேறெதிலும் ஒத்துப்போகாத அமெரிக்காவும் ஈரானும்கூட அதற்கு எதிராகப் போரிட்டன. 2017 அக்டோபரில் சிரியாவில் அதன் தலைநகராக இருந்த ரக்கா போனது. 2019 மார்ச்சில் சிரியாவில் அதன் கடைசித் துண்டு நிலமான பாகூஸும் பறிபோனது. ஆனால் கிளைகள் ஆப்கானிஸ்தானிலும் ஆப்பிரிக்காவிலும் இன்னும் இயங்குகின்றன.